சைக்கிள் சீட்டுக்கும் அளவு உண்டு

மத்திய அரசு 2020இல் அறிவித்த ‘இந்தியா சைக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்’ போட்டியில் கடைசிச் சுற்றில் தேர்வான 11 நகரங்களில், புணேவை ஒட்டியுள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வடும் ஒன்று. நகரத்தில் சைக்கிளைப் பெருக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பாதை, நிறுத்துமிடம், சிக்னல் ஆகிய மூன்றும்தான் முன்னே வருகின்றன. மூன்றும் வேண்டியவைதான். ஆனால், ஆசையாக வாங்கிய சைக்கிள் சில மாதங்களிலேயே அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தூசி படிந்து நிற்பதற்குப் பாதை இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அதில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை என்பதும் ஒரு காரணம். இந்த வலிக்குச் சந்தை வைத்திருக்கும் ஒரே மருந்து மெத்தை: இன்னும் தடித்த ஃபோம் சீட், அதற்கு மேலே ஒரு ஜெல் கவர், அதற்கும் மேலே பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை. மெத்தையைக் கூட்டிக்கொண்டே போவதால் இந்த வலி தீராது. சீட்டை ஆளுக்கு ஏற்ப அளந்து பொருத்தினால் பெரும்பாலும் தீரும். இதற்குச் சாட்சியாக, மெத்தை என்பதே துளியும் இல்லாத பழைய தோல் சீட்டை முன்னிறுத்தலாம்.

இதைச் சிஞ்ச்வடை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்ததிலிருந்து இந்த வட்டாரம் தொழிற்சாலைகளின் ஊர். டாடாவின் லாரிகள், பஜாஜின் ஸ்கூட்டர்கள், எஸ்.கே.எஃப். பேரிங்குகள் எல்லாம் இங்கே உருவானவை. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்து குடியேறியவர்களும் இங்கே கணிசம். ஒரு காலத்தில் ‘சைக்கிள் நகரம்’ என்று பெயர் வாங்கிய புணேவில், ஷிஃப்ட் முடிந்து ஆலை வாசலிலிருந்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் சைக்கிளில்தான் வீடு திரும்பினார்கள். 1972இல் பக்கத்து ஆகுர்டியிலிருந்து சேத்தக் ஸ்கூட்டர் வந்தது. சைக்கிளின் இடம் படிப்படியாகச் சுருங்கியது. இன்று இந்த ஊரில் ஒரு பேரிங்கின் உள்வட்டத்தை மைக்ரான் கணக்கில் அளந்து, சற்றுப் பிசகினாலும் ஒதுக்கிவிடும் கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதே கைகளுக்கு உரியவர் கடைக்குப் போய் இருபதாயிரம் ரூபாய்க்கு சைக்கிள் வாங்கினால், அவருடைய காலின் நீளத்தைக்கூட யாரும் கேட்பதில்லை. சீட் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் வண்டி வீட்டுக்கு வருகிறது. இயந்திரத்துக்குக் கொடுக்கும் அளவு மரியாதையை அதை ஓட்டுகிற உடம்புக்கு நாம் கொடுப்பதில்லை.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மரப்பலகையில் நெடுநேரம் உட்கார்ந்தால் அடியில் இரண்டு எலும்பு முனைகள் குத்துவதை உணரலாம். இடுப்பெலும்பின் இந்த இரண்டு முனைகளும் உடல் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. அவற்றுக்கு நடுவில் இருப்பது மென்மையான தசையும் நரம்பும் ரத்தக்குழாய்களும். எடை தாங்குவது அவற்றின் வேலை அல்ல. நல்ல சீட் எடையை எலும்பு முனைகளில் இறக்கி நடுப்பகுதியை விடுவிக்க வேண்டும். தடித்த ஃபோம் சீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. எலும்பு முனைகள் ஃபோமுக்குள் அமிழ்கின்றன. அமிழாத நடுப்பகுதி உயர்ந்து நின்று, அழுத்தக் கூடாத இடத்தை அழுத்துகிறது. கடையில் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கும்போது பஞ்சுபோல் இருப்பதும், காய்கறி வாங்கப் போகும் பத்து நிமிடத்துக்குச் சுகமாக இருப்பதும், ஒரு மணி நேரத்தில் மரத்துப்போக வைப்பதும் ஒரே குணத்தின் விளைவுகள்தாம். அந்த இரண்டு முனைகளுக்கும் இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் சில சென்டிமீட்டர் வேறுபடும். பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அதிகம். ஓட்டும் விதமும் இதில் சேர்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் கறுப்பு சைக்கிளுக்கு அகலமான ஸ்பிரிங் சீட் பொருந்தும். குனிந்து ஓட்டும் வண்டிக்குக் குறுகலான சீட் போதும். எல்லோருக்கும் ஒரே அகலத்தில் சீட் வைத்து விற்பது, எல்லோருக்கும் ஒன்பதாம் நம்பர் செருப்பு விற்பதற்குச் சமம்.

தோல் சீட் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866இல் குதிரைச் சேணத் தொழில் தொடங்கிய ஜான் பூல்ட்பீ புரூக்ஸ், தன் குதிரை இறந்தபின் இரவல் சைக்கிளில் போய்வந்ததாகவும், அதன் சீட் தாங்காமல் 1882இல் தானே ஒன்றைச் செய்து காப்புரிமை பெற்றதாகவும் அந்த நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்கிறது. அவருடைய நிறுவனத்தின் ‘பி17’ என்ற மாதிரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்து இன்றும் விற்பனையில் இருக்கிறது. அமைப்பு எளியது. ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் தடிமனான மாட்டுத்தோலை நனைத்து, அச்சில் வைத்து வடிவம் கொடுத்து, உலர்த்தி, முன்மூக்கிலும் பின்புறத்திலும் ஓர் இரும்புச் சட்டத்தோடு ரிவிட் அடித்துவிடுவார்கள். இடையில் தாங்குவதற்கு எதுவும் இல்லை. தோல் தூளிபோல் தொங்கி நிற்கிறது. மூக்குக்கு அடியில் ஒரு திருகு. அதைத் திருகினால் தோலின் இழுவை கூடும். புதிதில் மேசைப் பலகைபோல் இருக்கும் இந்தச் சீட், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எலும்பு முனைகள் படும் இரண்டு இடங்களில் மட்டும் லேசாகக் குழிந்து கொடுக்கிறது. மற்ற இடம் விறைப்பாகவே நிற்கிறது. எங்கே இணங்க வேண்டுமோ அங்கே மட்டும் இணங்கும் இந்தக் குணம்தான் ஃபோமுக்கு இல்லாதது.

இந்தக் குணம் தோலைப் பதனிடும் முறையிலிருந்து வருகிறது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மிருதுவானது. ஆனால் கொடுத்த வடிவத்தை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளாது. மரப்பட்டையும் கடுக்காயும் சேர்த்துத் தாவரமுறையில் பதனிட்ட தோல், உடம்பின் சூட்டிலும் ஈரத்திலும் அழுத்தத்திலும் மெல்லமெல்ல வளைந்து, வளைந்த வடிவிலேயே நிலைத்துவிடும். மகாராஷ்டிரத்துக்கு இது புதிய செய்தி அல்ல. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூரிச் செருப்பு இதே வகைத் தோலில் ஆனது. முதல் சில நாள் கடித்து, பிறகு காலின் அச்சாகவே ஆகிவிடுவதை அணிந்தவர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டுக்கும் புதிது அல்ல. ஆவாரம் பட்டையில் பதனிடத் தொடங்கி, திண்டுக்கல்லும் ஈரோடும் திருச்சியும் உலகச் சந்தைக்கு அனுப்பிய ‘கிழக்கிந்தியத் தோல்’ தாவரமுறைத் தோல்தான். அதுவும் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஆகவே தோல் சீட் என்பதை ஏதோ வெள்ளைக்காரச் சொகுசாக நினைத்து ஒதுக்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னுள்ள அறிவு நம் தோல் பட்டறைகளில் எப்போதோ இருந்தது.

ஆனாலும் தோல் சீட்டை வாங்கியவர்களில் பலர் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். காரணம் அவசரம். சீக்கிரம் மிருதுவாக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெயிலோ வேறு எண்ணெயிலோ ஊறவைப்பது முதல் தவறு. எண்ணெய் குடித்த தோலின் நார்கள் தளர்ந்து, சீட் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். செய்ய வேண்டியது மிகக் குறைவு. மெழுகு கலந்த தோல் பூச்சை மேலே மெல்லியதாகத் தடவி, ஊறியபின் துணியால் துடைத்துவிட வேண்டும். ஈரம் ஏறும் அடிப்பக்கத்திலும் ஒரு பூச்சு. பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போதும். மற்றதை ஓட்டுகிறவரின் எடையும் கிலோமீட்டர்களும் செய்துகொள்ளும். மூக்குத் திருகைத் தொட்டுத்தொட்டு இறுக்குவது இரண்டாவது தவறு. புதுச் சீட்டுக்கு அது தேவையே இல்லை. நாளடைவில் தோல் தொய்ந்து உட்காரும்போது மட்டும் அரைச் சுற்றுக்குள் திருப்பிப் பார்க்கலாம். இழுவை கூடினால் தோல் ரிவிட் அருகே கிழியும். முதல் வாரத்திலேயே நூறு கிலோமீட்டர் போய்ப் ‘பழக்கிவிடலாம்’ என்று நினைப்பது மூன்றாவது. சிறு தூரங்களாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போனால், தோல் உடம்புக்கும் உடம்பு தோலுக்கும் சேர்ந்தே பழகும்.

பழக்குவதைவிட முக்கியமானது பொருத்துவது. ஃபோம் சீட் வைத்திருப்பவருக்கும் இது அப்படியே பொருந்தும். தேவையான கருவிகள் கொத்தனாரின் பையிலேயே இருக்கின்றன: அளவு நாடா, ரசமட்டம், தூக்குக்குண்டு. கூடவே ஒரு ஸ்பானர். முதலில் உயரம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, அதன்மீது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு தானாகவே கிடைக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடி, தொடை இடுக்கில் உராய்ந்து புண்ணாகும்; இதைத்தான் பலர் சீட்டின் குற்றமாக எடுத்துக்கொண்டு மெத்தை தேடுகிறார்கள். அடுத்தது சாய்வு. பொதுவாக ரசமட்டத்தில் சமமாக வைக்க வேண்டும். தோல் சீட்டுக்கு மூக்கை மயிரிழை உயர்த்தலாம். நடுவில் குழிவு இருப்பதால், உட்காருபவர் பின்னால் தங்குவார். மூக்கு தாழ்ந்தால் உடம்பு முன்னே வழுக்கி, எடை முழுவதும் உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் போய்விடும். கடைசியாக முன்பின் தூரம். இரு பெடல்களும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது முன் முழங்காலுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டை விட்டால், அது பெடலின் அச்சை ஒட்டி விழுவது நல்ல தொடக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வலியைத் தீர்த்தது, எது கூட்டியது என்று தெரியாமலே போகும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது: ‘சுகத்துக்காகச் சில நூறு கிலோமீட்டர் வலியைப் பொறுக்க வேண்டுமா?’ இங்கே இரண்டு வகை வலியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எலும்பு முனைகள் படும் இடத்தில் முதல் சில வாரங்கள் தோன்றும் வலி, உழைப்புக்குப் பழகாத உடம்பின் வலி; அது குறைந்துகொண்டே வரும். மரத்துப்போவது வேறு. அது நரம்பும் ரத்த ஓட்டமும் நசுங்குவதன் அறிகுறி. அதை ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலத்துக்கான தேசிய ஆய்வு நிறுவனமான நியோஷ், சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கே இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓட்டும்போது மரத்துப்போவதே இல்லை என்று சொன்னவர்களின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்தது. இது மூக்குள்ள தோல் சீட்டுக்கும் எதிரான சான்றுதானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். அளவும் சாய்வும் சரியாக இருந்தும் மரத்துப்போகிறவர்கள், நடுவில் வெட்டு விட்ட தோல் சீட்டுக்கோ மூக்கில்லாச் சீட்டுக்கோ மாறுவதே புத்திசாலித்தனம். ஆனால் அந்த ஆய்வு மெத்தைக்கு ஆதரவாக எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பலன் தந்தது, அழுத்தம் விழும் இடத்தை மாற்றியதுதான்.

இரண்டாவது மறுப்பு மழை, விலை, தோல் ஆகிய மூன்றையும் பற்றியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும் ஊரில் தோல் சீட் தாக்குப்பிடிக்குமா? நனைந்தால் கெடாது, நனைந்தபடி உட்கார்ந்து ஓட்டினால்தான் உருக்குலையும். வண்டியை நிறுத்தும்போது ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிவிடுவதும், பின் சக்கரத்துக்கு மட்கார்டு வைத்து அடியிலிருந்து வரும் சேற்றைத் தடுப்பதும், நனைந்துவிட்டால் வெயிலில் காட்டாமல் நிழலில் உலர்த்துவதும் போதும். விலை உண்மையான தடை. இறக்குமதியாகும் புரூக்ஸ் சீட் ஒன்றின் விலையில் நம் ஊர்க் கறுப்பு சைக்கிளே வாங்கிவிடலாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு அது தேவையும் இல்லை. அளவறிந்து பொருத்திய சாதாரண சீட் அவருக்குப் போதும். விலங்குத் தோல் வேண்டாம் என்பவர்களின் கருத்தையும் மதிக்க வேண்டும். புரூக்ஸ் நிறுவனமே ரப்பரும் பருத்தித் துணியும் கொண்டு ‘கேம்பியம்’ என்ற தோலற்ற சீட்டைக் கொண்டுவந்திருக்கிறது. அதிலும் மெத்தை கிடையாது, அதே தூளி அமைப்புதான். ரப்பரும் பருத்தியும் விளையும் நாட்டில் அதைச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆக, இந்த வாதம் மாட்டுத்தோலுக்காக மட்டும் வைக்கப்படுவதல்ல; ஆளைத் தாங்கும் அமைப்புக்காகவும் அளவுக்காகவும் வைக்கப்படுவது.

மூன்றாவது மறுப்பு நம் சாலைகளிலிருந்து வருகிறது. பழைய மும்பை-புணே நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே போகிறவர், சட்டென்று நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார். அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் நிற்கும்போது சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முன்னே இறங்கி, பாருக்கு இருபுறமும் கால்களை ஊன்றி நின்றுவிட்டு, கிளம்பும்போது பெடலில் ஏறி உட்காரலாம். ஓரிரு நாளில் கைவரும் பழக்கம் இது. அதற்கும் துணிவு வராதவர்கள் ஒரு பாதத்தின் முன்பகுதி தரையைத் தொடும் உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். சில நிமிட நிறுத்தத்துக்காக முழுப் பயணத்திலும் முழங்காலைத் தேய்ப்பது நட்டக் கணக்கு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டிய ‘பிரெவே’ பயணங்கள் புணேவிலிருந்தும் நடக்கின்றன. அந்த நெடுந்தூரக்காரர்களிடையே உலகெங்கும் தோல் சீட்டுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. அவர்கள் வலியைத் தாங்கப் பிறந்தவர்கள் அல்லர். உயரத்தையும் சாய்வையும் மில்லிமீட்டர் பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள்.

இந்த அறிவு நம்மிடமிருந்து ஏன் நழுவியது? பழைய சைக்கிள்களில் ஸ்பிரிங் வைத்த தோல் சீட் இருந்தது. முருகப்பா குழுமத்தில் சைக்கிள் சீட்டுக்கென்றே ‘ரைட் சாடில்ஸ் ஆஃப் இந்தியா’ என்ற தனி நிறுவனம் இருந்தது. பிறகு சைக்கிள் என்பது ஏழையின் வண்டி, எவ்வளவு மலிவோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு வந்தது; தோலின் இடத்தில் ரெக்சினும் ஃபோமும் வந்தன. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதக் குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. சீனத்துக்கு அடுத்தபடியாக உலகில் அதிக சைக்கிள் செய்யும் நாடு இது. இத்தனை பெரிய சந்தையில் சீட்டை இரண்டு மூன்று அகலங்களில் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அரசும் கேட்கவில்லை. தமிழ்நாட்டின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கி, பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர் அனைவருக்குமாக விரிந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்த அருமையான திட்டம். அந்த சைக்கிள்களை வழங்கும் நாளில் ஒரு மெக்கானிக்கும் ஒரு ஸ்பானரும் ஆளுக்கு ஐந்து நிமிடமும் இருந்தால், அந்த வண்டி பிள்ளைகளோடு இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. சைக்கிள் விற்கும் கடைக்காரர்கள் சீட்டைப் பொருத்திக் கொடுக்காமல் வண்டியைக் கையில் கொடுக்கக் கூடாது. அதற்கு ஆகும் பத்து நிமிடத்துக்கு ஐம்பது ரூபாய் வாங்கினாலும் தவறில்லை. தயாரிப்பாளர்கள் ஒரே மாதிரிக்குக் குறைந்தது இரண்டு அகலங்களில் சீட் கொடுக்க வேண்டும். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், சேணத் தொழிலுக்குப் பேர்போன கான்பூரும், திண்டுக்கல், ஆம்பூர்ப் பட்டறைகளும் சேர்ந்தால், இறக்குமதி விலையில் பாதிக்கும் குறைவாக ஒரு நல்ல இந்தியத் தோல் சீட் வர வாய்ப்பு இருக்கிறது. பிம்ப்ரி-சிஞ்ச்வட் போன்ற மாநகராட்சிகள் பாதை போடும் செலவில் ஒரு துளியை வார இறுதிகளில் இலவசமாகச் சீட் பொருத்தும் முகாம்களுக்கு ஒதுக்கலாம். அதுவரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஜெல் கவர் வாங்கப் போகும் முன், வீட்டில் இருக்கும் சைக்கிளின் சீட்டை ஒரு முறை அளந்து பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கவர் வாங்கும் செலவு மிச்சமாகும்.